பொய்ப்பல் என்று சொன்ன குரல்

"குரல் எங்கம்மாவோடதுதான். ஆனா பேசறது எங்கம்மா இல்ல," என்றாள் வந்தவள்.

டூப் கையிலிருந்த டீ கிளாஸை மேஜைமேல் வைத்தான். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே டீ குடிக்கிற அளவுக்கு அவனுக்கு இன்னும் தொழில் மரத்துப் போகவில்லை.

"போலீஸ்ல சொல்லிப் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

"சொன்னேன். உங்கம்மா போன்ல நல்லாப் பேசறாங்க, அதான் உங்க புகாரான்னு கேட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க."

"நாங்க டீ குடுப்போம். அந்த வகையில நாங்க ஒசத்தி."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். கண்ணாடியை நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தாள். அதில் அழுக்கு ஏதும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அகராதி இன்னும் வாயைத் திறக்கவில்லை. அகராதி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு காலத்தில் அகராதி தொகுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். 'போலி'க்கும் 'நகலு'க்கும் ஒரே பொருளைப் போட்டுவிட்டுப் போகச் சொன்ன மேலதிகாரியிடம், ஐயா நீங்கள் எது என்று கேட்டுவிட்டு வேலையை விட்டு வந்தாள். அகராதி பிடித்தவள் என்று அங்கே ஆரம்பித்த பெயர், சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

டூப்பின் கதை அதைவிடச் சின்னது. சினிமாவில் கதாநாயகர்களுக்குப் பதிலாகக் கீழே விழுந்துகொண்டிருந்தான். அடி இவனுக்கு, கைதட்டல் அவர்களுக்கு. ஒருநாள் முழங்கால் போனது. அன்றைக்கும் படத்தில் நொண்டியது கதாநாயகன்தான், அதற்கு விருதுகூடக் கிடைத்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் அகராதி.

கண்ணாடிக்கடைக்காரி சொன்னாள். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள், அண்ணனும் இவளும். அப்பா போனபிறகு இருவருக்கும் சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

"சண்டை எதுக்கு?"

"அம்மாவை யாரு வச்சுக்கறதுன்னு."

"ரெண்டு பேருமே நான்தான்னு நின்னீங்களா?" என்றான் டூப்.

"இல்ல," என்று கண்ணாடியைக் கழற்றினாள் அவள். "ரெண்டு பேருமே நீதான்னு நின்னோம்."

டூப் டீயைப் பார்த்துக்கொண்டான். சில பேர் உண்மையைச் சொல்லும்போது பதிலுக்கு ஒரு ஜோக் அடிக்கக்கூட இடம் விடுவதில்லை.

கடைசியில் அம்மா தன் வீட்டிலேயே இருந்தாள், அண்ணனும் அண்ணியும் அங்கே குடிவந்தார்கள். இவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாராவாரம் அம்மாதான் போன் பண்ணுவாள். போன மாதத்திலிருந்து அந்தப் பேச்சு என்னமோபோல் இருந்தது. இன்றைக்குக் காலையில் நேரே வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள்.

"வீடு இல்ல மேடம். இடிச்சிட்டாங்க. பெரிய பள்ளம் தோண்டி கம்பி கட்டிட்டு இருக்காங்க. அம்மாவோட தோட்டம் இருந்த இடத்துல சிமென்ட் கலக்கறாங்க. அண்ணனுக்கு போன் பண்ணினேன். அம்மா நல்லாத்தான் இருக்காங்க, உன்னைப் பார்க்கப் பிடிக்கலயாம்னு சொல்லி வச்சிட்டான். இப்ப எடுக்கறதே இல்ல. எங்க குடியிருக்கான்னும் தெரியாது. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எங்கம்மா உயிரோட இருக்காளா?"

"கடைசியாப் பேசினதைப் பதிவு பண்ணிருக்கீங்களா?"

அவள் போனை மேஜைமேல் வைத்து அழுத்தினாள். ஒரு முதிய பெண்ணின் குரல் வந்தது. என்ன குரல் அது! ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்து வைத்தது மாதிரி இருந்தது.

"கண்ணு, நல்லா இருக்கியா? நான் சந்தோஷமா இருக்கேன். ஒரு குறையும் இல்ல. நேரத்துக்குச் சாப்பாடு. செடிக்குக்கூடத் தண்ணி ஊத்த வேணாம், அவ்வளவு நிம்மதி. என்ன, இந்தப் பொய்ப்பல்லுதான் பேசும்போது உறுத்துது."

பிறகு கண்ணாடிக்கடைக்காரியின் குரல், கத்தலாக: "நிறுத்து! நீ எங்கம்மா இல்ல. எங்கம்மா மாதிரியே பேசறே. நல்லாப் பழகியிருக்கே. யாரு நீ?"

அதற்கப்புறம் ஒரு நீண்ட மௌனம். பக்கத்தில் எங்கேயோ ஓர் ஆண் களுக்கென்று சிரித்தான். இணைப்பு அறுந்தது.

"அதுக்கப்புறம் போனே வரல," என்றாள் அவள். "மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சுபோச்சு. அதான் வரல."

"இது அவங்க இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அம்மா பல்செட் போட்டிருக்கா. அதை முத்துன்னுதான் சொல்லுவா. முத்தைக் கழட்டணும், முத்தைக் கழுவணும். சின்ன வயசுல நான் ஒருதடவை பொய்ப்பல்லுன்னு கிண்டல் பண்ணிட்டேன். பொய்யா இருந்தா வேர்க்கடலையைக் கடிக்க முடியுமாடின்னு கேட்டா. அதோட என்கிட்ட ஒரு வாரம் பேசல. செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டா மேடம். அப்புறம் செடி. ஒரு செடி வாடினா சாப்பாடு இறங்காது அவளுக்கு. தண்ணி ஊத்தாம இருக்கறது நிம்மதியாம்!"

அகராதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாம். டூப்புக்கு அது வேண்டும், ஆனால் அவனை யார் கேட்டார்கள்?

"டூப்பு, இதைக் கேளு. கள்ள நோட்டு, போலி டாக்டர், பொய்ப்பல், கவரிங் வளையல். கள்ளப் பல்லுன்னு ஏன் யாரும் சொல்றதில்ல?"

"கடிச்சா வலிக்கும்."

"ஒவ்வொரு பொய்க்கும் தனித்தனியா ஒரு வார்த்தை வச்சிருக்கோம். ஆனா அந்த வார்த்தை எல்லாமே வெளியில நின்னு பார்க்கறவங்க வார்த்தை. நோட்டு அடிக்கறவன் அதைச் சரக்குன்னுதான் சொல்வான். டோப்பா வச்சவர், என் முடி கலைஞ்சுபோச்சும்பார். எவன் போட்டுக்கிட்டிருக்கானோ அவன் வாயில அது வராது."

"அப்ப நான் மட்டும் என்னை டூப்னு சொல்லிக்கறேனே?"

"அதனாலதான் உன்னை வேலைக்கு வச்சிருக்கேன்."

அது பாராட்டா திட்டா என்று டூப்புக்கு விளங்கவில்லை. அகராதி விஷயத்தில் அது வழக்கம்தான்.

"உங்கம்மா என்ன வேலை பார்த்தாங்க?" என்று அகராதி திரும்பினாள். "அந்தக் குரலுக்குச் சம்பளம் குடுத்திருப்பாங்க யாராவது."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர்." அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. "நிறையக் கதை சொல்லுவா. பக்கத்து ஊர் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு சிநேகிதி. ராத்திரி பகல்னு லைன்ல வம்பு பேசுவாங்களாம். சூப்பர்வைசர் ஒட்டுக் கேக்க ஆரம்பிச்சா, அம்மா திடீர்னு அவளை வாங்க போங்கன்னு மரியாதையாக் கூப்பிடுவாளாம். உடனே அவளுக்குப் புரிஞ்சுடுமாம். வார்த்தை ஒண்ணு இடம் மாறினா ஆளு பக்கத்துல நிக்கறான்னு அர்த்தம்பா."

"உங்க சந்தேகம் யார்மேல?"

"அண்ணி," என்றாள் அவள், இளகிய முகம் மறுபடி இறுகிவிட்டது. "அண்ணி டப்பிங் பேசறவ. எங்கம்மா மாதிரி பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பா. அவ வேலை பார்க்கற இடம் எனக்குத் தெரியும்."

அகராதி ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

டப்பிங் தியேட்டர் ஒரு மாடியின் பின்பக்கம் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, தரையெல்லாம் கம்பளம், ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. தும்மினால்கூடச் சத்தம் செத்து விழும் இடம். உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், திரையில் ஒரு இளம் கதாநாயகி மழையில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். திரைக்கு எதிரே மைக் முன்னால், கழுத்தில் மப்ளர் சுற்றி, பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அந்த அழுகையை அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. குரலில் மட்டும் ஒரு குடம் கண்ணீர்.

டூப் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தன் தொழிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இத்தனை நாளாக இங்கே இருந்திருக்கிறாள் என்று தோன்றியது அவனுக்கு.

இடைவேளை விட்டதும் அண்ணி வெளியே வந்தாள். நாத்தனாரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வாம்மா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"எங்கம்மாவை என்ன பண்ணீங்க?" என்று பாய்ந்தாள் கண்ணாடிக்கடைக்காரி. டூப் நடுவே புகுந்து நின்றான். அடிக்கு நடுவே நிற்பது அவனுக்குக் கைவந்த கலை.

"நீங்க யாரு?" என்றாள் அண்ணி அவனிடம்.

"டூப்புங்க. சண்டைக்காட்சியில விழறவன். உங்களை மாதிரிதான். நீங்க குரல், நான் உடம்பு. ரெண்டையும் சேர்த்தா முகம் இல்லாத ஒரு முழு ஆள் தேறும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அது பாதியில் நின்றது. "இரவல் குரல்னு ஒரு பத்திரிகையில எழுதினாங்க என்னைப் பத்தி. என் தொண்டை, என் மூச்சு. யார்கிட்ட இரவல் வாங்கினேன் நான்? அந்தப் பொண்ணுதான் என்கிட்ட வாங்கிருக்கா," என்றாள்.

அகராதிக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு. "உங்க மாமியார் மாதிரி பேசுவீங்களாமே. கொஞ்சம் பேசுங்களேன். பல்லு உறுத்துது, ஆனா நல்லா இருக்கேன்னு பொண்ணுக்கு போன்ல சொல்ற மாதிரி."

"எதுக்கு?"

"அவங்களைக் கண்டுபிடிக்கறதுக்கு."

அண்ணி ஒரு கணம் தரையைப் பார்த்தாள். ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். நிமிர்ந்தபோது உதடு கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"கண்ணு, நல்லா இருக்கியா? சாப்பிட்டாச்சா? எனக்கென்ன குறைச்சல்? இந்த முத்துதான் ஈறுல உறுத்துது. கழட்டி டம்ளர்ல போட்டுட்டேன். வச்சிரட்டுமா, செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

கண்ணாடிக்கடைக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். போனில் கேட்ட அதே குரல், அதே இஸ்திரி மடிப்பு, இம்மி பிசகவில்லை.

"இதுதான்! இதே குரல்தான் மேடம்! இவதான் பேசினா! கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்," என்றான் டூப். "அக்கா, கேஸ் முடிஞ்சது. மத்தியானச் சாப்பாட்டுக்கே போயிடலாம்."

"முடியல. கேஸ் இப்பதான் தலைகீழாத் திரும்புது," என்றாள் அகராதி. அவள் கண்ணாடிக்கடைக்காரி பக்கம் திரும்பியபோது, அந்த முகத்தில் வழக்கமான கர்வம் இல்லை. டூப்புக்கு அதுதான் பயமாக இருந்தது. "அம்மா, உங்க அண்ணி என்ன சொன்னாங்கன்னு கவனிச்சீங்களா? முத்துன்னாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தணும்னாங்க. நான் பல்லுன்னுதான் சொன்னேன், அவங்க தானா முத்துன்னு மாத்தினாங்க. நகல் எடுக்கறவங்க இதுல எல்லாம் தப்பே பண்ண மாட்டாங்க. அவங்க தொழிலே அதுதானே? உங்கம்மாவா நடிக்கற எவளும் பொய்ப்பல்லுன்னு சொல்ல மாட்டா. அந்த வார்த்தையைச் சொல்ற தைரியம் உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு."

"யாருக்கு?"

"உங்கம்மாவுக்கு."

பஞ்சுச் சுவர் அந்தச் சொல்லையும் குடித்துவிட்டது.

"பக்கத்துல உங்க அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டு ஒட்டுக் கேட்டுட்டு நிக்கறான். சிரிச்சது அவன்தான். நல்லா இருக்கேன்னு சொல்லுன்னு நிக்கறான். அவங்க எக்ஸ்சேஞ்ச்ல பண்ணினதையே பண்ணிருக்காங்க. வார்த்தையை இடம் மாத்திப் போட்டாங்க. சொன்னா என் பொண்ணுக்குத்தான் புரியும்னு ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துப் போட்டாங்க. பேசும்போது பொய்ப்பல்லு உறுத்துதாம். பேசறது பொய்யின்னு இதைவிட எப்படிம்மா சொல்லுவாங்க?"

கண்ணாடிக்கடைக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அன்னிக்கு... நான் யாரு நீன்னு கேட்டது..."

அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலை இன்னொருத்தர் வாயால் கேட்டுக்கொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை. டூப் அவள் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

அண்ணிதான் பேசினாள். "நான் உன் அண்ணனை விட்டு வந்து மாசக்கணக்காச்சு. வீட்டை பில்டருக்குக் குடுக்காதேன்னேன். கேக்கல. அத்தையை எங்கூட அனுப்புன்னேன். என் அம்மாவை நான் பார்த்துப்பேன்னான். பாத்துக்கறான்போலன்னு நானும் இருந்துட்டேன். உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்ல."

"உங்க வீட்டுக்காரர் என்ன வியாபாரம்?" என்றாள் அகராதி சட்டென்று.

"அண்ணன் கட்டில் மெத்தைக் கடை வச்சிருக்கான்," என்றாள் கண்ணாடிக்கடைக்காரி.

"அது எப்பவோ மூடியாச்சு," என்றாள் அண்ணி. "இப்ப ஓட்டலுக்கும் ஆபீசுக்கும் செடி சப்ளை. பிளாஸ்டிக் செடி."

அகராதி டூப்பைப் பார்த்தாள். டூப் அகராதியைப் பார்த்தான்.

"செடிக்குக்கூடத் தண்ணி ஊத்த வேணாம்," என்றான் டூப். இந்தத் தடவை அவனுக்கு ஜோக் அடிக்கத் தோன்றவில்லை. "அட்ரஸையே சொல்லிட்டாங்க அக்கா அந்தம்மா."

அண்ணி வழி சொன்ன செடி குடோன் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் 'அசலே தோற்கும்!' என்று பெரிய போர்டு. உள்ளே ஒரே காடு. பனை உயரத்துக்கு மரங்கள், தொங்கும் கொடிகள், வாடத் தெரியாத பூக்கள். இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து, இலைகளின் நுனியில் பசை தொட்டுக் கண்ணாடித் துளிகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பனித்துளியாம். காட்டில் வாசனை மட்டும் புது பக்கெட் வாசனை.

அண்ணன் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். தங்கையைக் கண்டதும் அவன் பார்வை ஒரே ஒரு நொடி பின்பக்கம் ஓடித் திரும்பியது. அகராதிக்கு அந்த ஒரு நொடி போதும்.

"இங்க எதுக்கு வந்தே? அம்மா இங்க இல்ல," என்றான்.

"நாங்க அம்மாவைப் பத்திக் கேக்கவே இல்லயே," என்றாள் அகராதி.

"யாரு நீங்க? வெளிய போங்க முதல்ல!"

அவன் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். டூப் சுற்றும் முற்றும் பார்த்தான். ஓரத்தில் ஓர் ஏணி, அதைச் சுற்றி அடுக்கடுக்காகத் தொட்டிகள். நல்ல செட்டு. விழுவதற்கு இதைவிட வாகான இடத்தை எந்த டைரக்டரும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

"அண்ணே, இந்த மரம் என்ன விலை?" என்று கேட்டபடியே ஏணியில் ஏறினான். முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்றது. உச்சியில் போய், "ஐயோ!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கையை விட்டான்.

ஏணி, தொட்டி, மரம், டூப் எல்லாம் சேர்ந்து வந்த சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"ஐயோ, என் சரக்கு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான் அண்ணன்.

தலைகீழாகக் கிடந்த டூப்புக்கு வலியிலும் ஒரு திருப்தி. சரக்கு என்றான், பார்த்தாயா? மனுஷன் விழுந்திருக்கிறேன், அதை எவனும் கேட்கவில்லை. ஆனால் அக்கா சொன்ன சொல் அச்சுப் பிசகாமல் வந்துவிட்டது.

அந்த இடைவெளியில் அகராதியும் கண்ணாடிக்கடைக்காரியும் பின்பக்கம் ஓடியிருந்தார்கள். டூப் நொண்டிக்கொண்டே எழுந்து பின்னால் போனான். அண்ணனும் கத்திக்கொண்டே வந்தான். "நான் என்ன கொன்னா போட்டேன்? ஃபேன் போட்டிருக்கேன், நேரத்துக்குச் சோறு போடறேன். நீ கேளு அவளை, ஒரு குறை சொல்லச் சொல்லு!"

வரிசையாக நின்ற பிளாஸ்டிக் பனைகளுக்குப் பின்னால் ஒரு கதவு. தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது. அகராதி அதை இழுத்தாள். கண்ணாடிக்கடைக்காரி முதலில் உள்ளே போனாள்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் ஒரு டம்ளர். ஜன்னல் கம்பியில் யாரோ ஒரு பிளாஸ்டிக் கொடியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அம்மா நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது இலையில் நிற்காமல் வழிந்து, சுவரெல்லாம் ஓடி, தரை முழுக்க ஈரமாகக் கிடந்தது. எத்தனை நாளாக ஊற்றுகிறாளோ, சுவரில் பாசி பிடித்திருந்தது. அந்தக் காட்டிலேயே உயிரோடு பச்சையாக இருந்தது அந்தப் பாசி மட்டும்தான்.

"பாத்தீங்களா?" என்றான் அண்ணன் வாசலிலிருந்து. "பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்தறா. புத்தி சரியில்ல. அதான் உள்ள வச்சிருக்கேன்."

அம்மா திரும்பினாள். டூப் அந்தக் கண்களைப் பார்த்தான். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கூட்டத்தில் தெளிவாக இருந்தது அவை இரண்டும்தான்.

"அம்மா," என்றாள் மகள்.

அம்மா பாட்டிலை மூடி வைத்தாள். மகளை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். பிறகு அந்த இஸ்திரி போட்ட குரல் வந்தது.

"எம் பொண்ணு மாதிரியே இருக்கே. குரலும் அதேதான். நல்லாப் பழகியிருக்கே. யாரு நீ?"

ஒரு நொடி மகள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததை டூப் பார்த்தான். அதைப் பார்த்திருக்கவேண்டாம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டான். அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஒட்டுக் கேட்கிறவன் நிற்கிறான், அதனால்தான் வார்த்தையை மாற்றிப் போடுகிறாள் அம்மா. அப்படித்தான் இருக்கவேண்டும்.

"நீங்க கொஞ்சம் வெளிய வாங்க," என்று அண்ணனின் கையைப் பிடித்தாள் அகராதி. அவள் பிடித்த பிடியில் அவன் மறுபேச்சில்லாமல் போனான்.

மகள் அம்மாவின் அருகில் போனாள். "அம்மா, அவன் போயிட்டான். இங்க யாரும் ஒட்டுக் கேக்கல. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சும்மா, முத்து, செடி, எல்லாம். லேட்டாத்தான் புரிஞ்சுது. இப்ப நிஜமாப் பேசும்மா."

"நிஜமாத்தான் கேக்கறேன்," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, வாயில் கைவைத்துப் பல்செட்டைக் கழற்றினாள். ஸ்டூலில் இருந்த டம்ளர் தண்ணீரில் போட்டாள். கன்னங்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன, உதடுகள் மூடிக்கொண்டன. இனி யார் கேட்டாலும் அந்த வாயிலிருந்து பொய்யும் வராது, மெய்யும் வராது.

டூப்புக்கு அங்கே நிற்கக் கூசியது. வெளியே போகலாமென்று திரும்பினான். அப்போது அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். ஏற்கனவே கட்டி வைத்திருந்த பை. மகள் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் நொண்டிக்கொண்டு நின்ற டூப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று ஈரமாக இருந்தது அந்தக் கை. கெட்டியாகப் பிடித்தாள்.

இன்னொருத்தருக்கு வரவேண்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டே பிழைத்தவன் டூப். உதை, குத்து, கல், கண்ணாடி, மாடியிலிருந்து தரை. இப்படி ஒன்று அவனுக்கு வந்ததில்லை. இதை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி மகளைப் பார்த்தான். அவள் போங்க என்று தலையை அசைத்தாள்.

இரண்டு பேரும் பிளாஸ்டிக் மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்தார்கள். அவனுக்கு முழங்கால் வலி, அவளுக்கு மூச்சு வாங்கியது. வாசலில் அகராதி ஒதுங்கி வழிவிட்டாள். ஆட்டோவில் அம்மாவை ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் டூப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடிக்கடைக்காரி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் சிந்திவிடாமல், ஒவ்வொரு அடியாக வைத்து வந்துகொண்டிருந்தாள்.